பள்ளிவாசல் தேக்சா

கிடங்குச் சாவியைக் கொடுத்துவிடாதே என்று, போன பகுதியைப் படித்துவிட்டு, ருக்சாருக்கு உங்களில் பலர் எழுதியிருந்தீர்கள். கொடுத்துவிட்டாள். அண்ணன் நவுஷாத் தொங்கிய முகத்தோடு வந்து நின்றால் எந்தத் தங்கைக்குத்தான் இல்லை என்று சொல்ல வாய் வரும்? அத்தா ஹயாத் பாஷா நாளைய நிக்காஹ் விருந்துக்கு ஆடு பார்க்கக் களமருதூர்ப் பக்கம் கிளம்பிப் போனார். அவர் தெருமுனை திரும்பியதும் ஆணியில் தொங்கிய சாவி இறங்கியது. சனிக்கிழமை வெயில் ஏறுவதற்குள் பள்ளிவாசல் கிடங்கிலிருந்த தேக்சா ஒரு குட்டியானை வண்டியில் ஏறி, கச்சிராயப்பாளையம் தாண்டி, கல்வராயன் மலையில் வளைந்து வளைந்து போய்க்கொண்டிருந்தது.

தேக்சா என்றால் சும்மா ஒரு அண்டா என்று நினைத்துவிடாதீர்கள். அடி தடித்த செம்பில், உள்ளே கலாய் என்கிற ஈயம் பூசி, பிரியாணிக்கென்றே அடித்த பாத்திரம். விளிம்பில் ஜமாஅத்தின் பெயரை வெட்டியிருப்பார்கள். கள்ளக்குறிச்சியில் அந்தப் பள்ளிவாசலைச் சேர்ந்த மஹல்லாவில் எந்தக் கல்யாணம் என்றாலும் சோறு அந்தத் தேக்சாக்களில்தான் வேகும். யார் கேட்டாலும் கிடைக்கும். ஆனால் கேட்க வேண்டும், எங்கே போகிறது, என்ன சமைக்கப் போகிறோம் என்று சொல்ல வேண்டும். சாவி ஹயாத் பாஷாவிடம். கல்யாணச் சமையலுக்குப் பண்டாரியும் அவர்தான், பாத்திரத்துக்குப் பொறுப்பும் அவர்தான்.

நவுஷாத் கேட்காமல் இல்லை. போன வாரம் கேட்டான். ரிசார்ட்டுக்கா, குடிக்கிற இடத்துக்கா, கிடையாது என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டார். அதற்குப் பிறகுதான் தங்கையிடம் போனான். அவர்கள் எடுத்துப் போனது இருப்பதிலேயே சின்னது. மாப்பிள்ளை வீட்டார் உட்காரும் முதல் பந்திக்கென்று தனியாக வைத்திருப்பது. நாளைக்கு அது வேண்டும்.

புதிதாகப் படிக்க வருகிறவர்களுக்காக ஒரு வார்த்தை. நவுஷாத் சென்னையில் பெரிய நட்சத்திர ஹோட்டலில் தலைமைச் சமையல்காரனாக இருந்தவன். அவன் கைக்காகவே வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வந்து மேஜை பிடித்தார்கள். கோபம் மட்டும் கைக்கு முன்னால் போகும். போன வருடம் கலையரசன் என்ற பயிற்சிப் பையன் மீன் மேல் குழம்பைக் கொட்டிக் குழப்பிவிட்டான் என்று தட்டை விட்டெறிந்தான். பையனுக்கு நெற்றி கிழிந்தது. யாரோ போனில் பிடித்திருந்தார்கள். மறுநாள் ஊர் உலகமெல்லாம் பார்த்தது. அதோடு போயிற்று வேலை. வேறு எந்த ஹோட்டலும் கதவு திறக்கவில்லை. பெற்ற தகப்பன் இன்னும் ஒரு படி மேலே போய், அடுப்பங்கரையில் ஆளை அடிக்கிறவன் என் கல்யாண அடுப்புப் பக்கம் வரக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

இப்போது ஒரே ஒரு கதவு திறந்திருந்தது. கரியாலூரில் ராஜாங்கம் என்பவர் ரிசார்ட் நடத்துகிறார். மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு லாரி விட்டு மேலே வந்த மனிதர். பெரிய நகரத்து ஹோட்டல் மாதிரி, ஆற அமர உட்கார்ந்து ஒவ்வொரு தட்டாகச் சாப்பிடும் ஒரு கடையை அங்கே திறக்கப் போகிறார். அதை நடத்தப் போகும் சென்னை கம்பெனியிலிருந்து எழில்மதி என்ற அம்மாள் இன்று மதியம் வருகிறார். நவுஷாத் சமைத்ததைச் சாப்பிட்டு அவர் தலையாட்டினால் கடை இவனுடையது.

கடைசித் தட்டாக அவன் நினைத்து வைத்திருந்தது ஆட்டுக்கறியும் மலைச் சாமையும் சேர்த்த தம். ரிசார்ட்டின் மெல்லிய பாத்திரங்களில் செய்து பார்த்தபோதெல்லாம் சாமை அடி பிடித்துக் கசந்தது. கனத்த செம்பு இல்லாமல் நடக்காது. அதனால்தான் சாவி.

"அத்தா அஸர் தொழுகைக்குள்ள திரும்பிடுவாரு. அதுக்குள்ள இது கெடங்குல இருக்கணும்" என்றாள் ருக்சார். தேக்சா ஆடாமல் இருக்கக் காலால் அணைத்துக்கொண்டு வண்டியின் பின்னால் அண்ணனோடு உட்கார்ந்திருந்தாள்.

"இருக்கும்."

"கத்த மாட்டியே?"

"மாட்டேன்."

அதையும் ராஜாங்கம் முதலிலேயே சொல்லியிருந்தார். சமையலறையிலிருந்து உன் குரல் வெளியே கேட்டால் அப்படியே வண்டி ஏறிவிடு என்று. நவுஷாத் சரி என்று தலையாட்டியிருந்தான். ஒரு வருடமாக எல்லோருக்கும் தலையாட்டித்தான் பிழைப்பு.

ரிசார்ட் சமையலறையில் உதவிக்கு இருந்தவர் சின்னக்கண்ணு. கரியாலூர்க்காரர், நடுத்தர வயது, சுறுசுறுப்பான வேலைக்காரர். ஆனால் தட்டை நீட்டும்போதெல்லாம் கையை மட்டும் நீட்டிவிட்டுத் தலையை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். முதல் தடவை நவுஷாத்துக்குப் புரியவில்லை. அடுத்த தடவை புரிந்தது. இவரும் அந்த வீடியோவைப் பார்த்திருக்கிறார். தட்டு எப்போது பறக்கும் என்று தெரியாமல் எட்டியே நிற்கிறார்.

அவமானத்தில் வருகிற கோபம் மற்ற கோபங்களைவிடப் பொல்லாதது. யார் மேல் காட்டுவது என்றே தெரியாது. நவுஷாத் அதை விழுங்கிவிட்டு வேலையைப் பார்த்தான்.

வேலை என்னவோ நன்றாகத்தான் போயிற்று. மலை மிளகு தூவிய மரவள்ளி அடை போனது, காலித் தட்டு திரும்பியது. பலாப்பிஞ்சு போனது, அந்தத் தட்டும் காலியாகவே வந்தது. ருக்சார் கதவோரம் நின்று சாப்பாட்டுக் கூடத்தை எட்டி எட்டிப் பார்த்து, சாப்பிடுகிறார்கள், பேச்சை நிறுத்திவிட்டுச் சாப்பிடுகிறார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அண்ணன் முகத்தில் ஒரு வருடத்துக்குப் பிறகு கொஞ்சம் ரத்தம் ஓடியது.

தேக்சா அடுப்பில் ஏறியது. பிஸ்மில்லாஹ் சொல்லிக் கறியைப் போட்டான். செம்பு சூட்டைப் பிடித்துக்கொண்டு சீராகப் பரப்பியது. கறி சிவந்து, சாறு அடியில் கருஞ்சிவப்பாகப் படிய ஆரம்பித்தபோது ராஜாங்கம் உள்ளே வந்தார். ஒரு கையில் போன். காலையிலிருந்து அவனைப் படம் பிடித்துக்கொண்டே இருந்தார். இன்னொரு கையில் விருந்தினர் கொண்டுவந்த சிவப்பு ஒயின் பாட்டில். மூடியைத் திறந்து அடுப்பு மேடையில் வைத்தார், அடுத்த தட்டோடு கொடுப்பதற்காக.

"தம்பி, கடைசியா அந்தம்மா உன்ன வெளிய கூப்புடும். வந்து நின்னு, நான்தான் அந்தத் தட்ட வுட்டெறிஞ்சவன்னு சிரிச்சிக்கினே சொல்லு. கடைக்கே அதான் பேரு. கோவக்காரன் கிச்சன். போர்டு எழுதக் குடுத்துட்டேன்."

நவுஷாத் கரண்டியை நிறுத்தவில்லை. "அந்தப் பையனுக்கு நெத்தியில தையல் போட்டாங்க சார்."

"அதத்தான் சொல்றேன். அல்லாரும் பாத்த வீடியோ. காசு குடுத்தாலும் இந்த வெளம்பரம் கெடைக்காது. கரண்டிய தூக்கிக்கினு கொஞ்சம் மொறைச்சிப் பாரு, எடுத்துக்கறேன்."

இந்த ஆளை என்ன செய்யலாம், நீங்களே சொல்லுங்கள். நவுஷாத்துக்குக் காது அடைத்தது. கத்தக் கூடாது. கத்தினால் எல்லாம் போய்விடும். பல்லைக் கடித்துக்கொண்டு, ராஜாங்கத்தின் முகத்தைப் பார்க்காமல், அடுப்பை மட்டும் பார்த்தான். அடியில் சாறு கருகப் போகிறது. நட்சத்திர ஹோட்டல்களில் அந்த நேரத்தில் ஒயினை ஊற்றிச் சுரண்டுவார்கள், ஒட்டியதெல்லாம் பிரிந்து குழம்பாகிவிடும். சென்னையில் நாள் தவறாமல் செய்து பழகிய கை. மனசு முழுக்க ராஜாங்கத்தின் கழுத்தில் இருந்தது. கை தன்பாட்டுக்குப் பக்கத்திலிருந்த பாட்டிலை எடுத்து ஊற்றியது.

சொய்யென்று ஆவி எழுந்தது. பள்ளிவாசல் தேக்சாவிலிருந்து ஒருநாளும் எழாத வாசனை.

"இன்னாண்ணா பண்ணிட்ட?" என்றாள் ருக்சார். அவள் குரல் மெல்லியதாகத்தான் வந்தது.

நவுஷாத் கையிலிருந்த பாட்டிலைப் பார்த்தான். யாரோ கொண்டுவந்து அவன் கையில் திணித்ததைப் போலப் பார்த்தான். ராஜாங்கம் போனை இறக்காமலே, சூப்பர் என்று சொல்லிவிட்டு வெளியே போனார். சின்னக்கண்ணு முதல் முறையாகப் பக்கத்தில் வந்தார். வாசனை தூக்குகிறது என்று சிரித்தார்.

அப்போதே கொட்டியிருக்கலாம். கொட்டினால் கடைசித் தட்டு இல்லை, வேலை இல்லை, நாளை முதல் மறுபடியும் வீட்டில் அத்தாவின் முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். நவுஷாத் கொட்டவில்லை. சாமையைப் பரப்பி, மூடியைக் கோதுமை மாவால் அடைத்து, மேலே நெருப்புத் துண்டுகளை வைத்தான். ஊற்றியது வேண்டுமானால் கைத்தவறு. மூடியை அடைத்தது கைத்தவறு இல்லை. ருக்சார் அங்கே நிற்காமல் வெளியே போய்விட்டாள்.

எழில்மதி இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டார். அவனை வெளியே கூப்பிடவில்லை, தானே சமையலறைக்கு வந்தார்.

"உங்க வீடியோவ நானும் பார்த்தேன். அதைப் பத்தி இப்ப பேச வேணாம். இந்தச் சாமைய மாதிரி ஒண்ணு நான் சாப்பிட்டதில்ல. திங்கக்கிழமை போன் பண்றேன், சரின்னா அன்னைக்கே சேர்ந்துடுங்க. சமையல் உங்களோடது. பேரு, விளம்பரம் எல்லாம் சார் பார்த்துப்பார்."

இந்த வார்த்தைக்காக எத்தனை நாள் தூங்காமல் கிடந்திருக்கிறான். வந்தபோது ஒன்றுமே தோன்றவில்லை. நன்றி சொன்னான். தேக்சாவை எங்கே கழுவலாம் என்று சின்னக்கண்ணுவிடம் கேட்டான்.

ரிசார்ட்டில் கழுவ ருக்சார் விடவில்லை. மலை இறங்கி, கோமுகி அணைக்குக் கீழே வாய்க்கால் ஓரமாக வண்டியை நிறுத்தச் சொன்னாள். புளியும் சாம்பலும் போட்டு உள்ளும் புறமும் தேய்த்தாள். கலிமா சொல்லிக்கொண்டே மூன்று தடவை அலசினாள். அண்ணன் கை வைக்க வந்தபோது தள்ளிவிட்டாள்.

"நீ தொடாத. சாவி குடுத்தது நானு. ஊரே உன்ன திட்டுனப்போ உனுக்காக அத்தாகிட்ட சண்ட போட்டவ நானு. ஒரு பாத்திரத்த நம்பி குடுத்தா, அதுல போயி..." சொல்லி முடிக்க முடியாமல் மறுபடியும் தேய்த்தாள். பிறகு தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "கழுவினா சுத்தமாயிடும். யாருக்கும் சொல்ல வாணாம். நீயும் மறந்துடு."

நவுஷாத் சரி என்றான். அதற்கும் தலையாட்டினான்.

ஆனால் அத்தா சீக்கிரமே திரும்பியிருந்தார். வண்டி தெருவுக்குள் நுழைந்தபோது, பூட்டிய கிடங்கின் முன்னால் ஹயாத் பாஷா நின்றிருந்தார். பக்கத்தில் நாளைய கல்யாணப் பெண்ணின் தகப்பனார், அரிசி மண்டிக்காரர். அவர்களைச் சுற்றி வெங்காய மூட்டையும் விறகுமாகப் பெண் வீட்டு இளவட்டங்கள். சாவியைக் காணோம் என்று அத்தா வீடெல்லாம் தேடிவிட்டு வந்திருக்கிறார் என்பது முகத்திலேயே தெரிந்தது.

ஹயாத் பாஷா வண்டியைப் பார்த்தார், தேக்சாவைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். எல்லாம் விளங்கிவிட்டது. கழுத்து நரம்பு புடைத்தது. ஆனால் பக்கத்தில் வெளி மனிதர்கள்.

"கலாய் பூச அனுப்பியிருந்தேன். மறந்தே போச்சி" என்றார்.

நவுஷாத்துக்குத் தெரிந்து அவன் தகப்பன் பொய் சொன்னதில்லை. ஒரு கிலோ கறி குறைந்தால்கூடக் கல்யாண வீட்டாரைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டுத்தான் அடுப்பு பற்றவைப்பார். அந்த மனிதர் மகனுக்காக நடுத்தெருவில் நின்று பொய் சொன்னார்.

மண்டிக்காரர் தேக்சாவைத் தட்டிப் பார்த்தார். "பளபளன்னு கீது பாய். நல்ல கலாய். நீங்க கையில சாவி வெச்சிக்கினு கீறதாலதான் நாங்க ஒண்ணும் கேக்காம துன்றோம்."

ஹயாத் பாஷா குனிந்து தேக்சாவின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். தூக்கி உள்ளே வைத்துவிட்டால் முடிந்தது. நாளை மாப்பிள்ளை சாப்பிடுவார், சம்பந்தி சாப்பிடுவார், யாருக்கும் ஒன்றும் தெரியாது. ருக்சார் அண்ணனைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்தாள்.

"அதுல சமைக்காதீங்கத்தா" என்றான் நவுஷாத். "கலாய் பூசல. நான்தான் கேக்காம ரிசார்ட்டுக்கு எடுத்துக்கினு போனேன். அங்க அதுல ஒயின் ஊத்திட்டேன்."

மண்டிக்காரர் தேக்சாவிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

மகன் செய்த தப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். மகனைக் காப்பாற்றத் தான் சொன்ன பொய்யையும் அல்லவா அவன் எல்லார் முன்னாலும் உடைத்துவிட்டான். ஹயாத் பாஷா நிமிர்ந்தார். அறைந்தார். தோளுக்கு மேல் வளர்ந்த மகனை, தலை நரைக்க ஆரம்பித்துவிட்ட மகனை, தெருவில் வைத்து அறைந்தார். மறுபடியும் கையை ஓங்கினார்.

நவுஷாத் கன்னத்தைப் பிடிக்கவில்லை. அவன் கண் வேறு எங்கோ போயிருந்தது. பெண் வீட்டு இளைஞன் ஒருவன் போனைத் தூக்கிப் பிடித்திருந்தான்.

அந்தக் கோணம் நவுஷாத்துக்குத் தெரியும். நெஞ்சுக்கு நேராக, இரண்டு கையாலும் ஆடாமல் பிடிப்பார்கள். நாளைக் காலையில் தன் தகப்பன் ஓங்கிய கை எத்தனை பேர் போனில் ஓடும் என்று அவனைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? ஒரே எட்டில் போய் உள்ளங்கையால் போனை மூடினான்.

"என்ன எவ்ளோ வேணும்னாலும் எடு. அவர எடுக்காத."

கத்தவில்லை. பையன் பயந்து எடுத்ததை அழித்துவிட்டான். மண்டிக்காரர் போனைப் பிடுங்கி, அழிந்ததா என்று பார்த்துவிட்டுத் தன் பைக்குள் போட்டுக்கொண்டார்.

ஹயாத் பாஷாவின் ஓங்கிய கை இறங்கியிருந்தது. மகள் பக்கம் கையை நீட்டினார். ருக்சார் அழுதுகொண்டே சாவியைக் கொடுத்தாள். அதை அவர் மண்டிக்காரர் கையில் வைத்தார்.

"பள்ளிவாசல் முத்தவல்லிகிட்ட சேத்துடுங்க. கழுவினா பாத்திரம் ஆகுமா ஆகாதான்னு ஹஜ்ரத் சொல்லட்டும். நான் உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன். இனிமே இந்த சாவி என் வூட்டு ஆணியில தொங்கக் கூடாது."

மண்டிக்காரர், பாய், அதெல்லாம் எதற்கு என்று இழுத்தார். ஹயாத் பாஷா கேட்கவில்லை. வாடகைக்கு வேறு பாத்திரம் சொல்லப் போனை எடுத்தார். இரண்டு அடி நடந்து, திரும்பாமலே மகளிடம் சொன்னார்.

"வெங்காயம் அப்புடியே கெடக்குது. அவன உரிக்கச் சொல்லு. பின்னாடி எங்கனா குந்திக்கினு உரிக்கட்டும். என் கண்ணுல படக் கூடாது."

கல்யாண அடுப்புப் பக்கம் வரவே கூடாது என்று சொன்ன அதே மனிதர்தான். ருக்சார் அண்ணனைப் பார்த்தாள். அவன் மூட்டையை இழுத்துக்கொண்டு கிடங்கின் பின்பக்கம் போனான். அவள் கத்தியை எடுத்துக்கொண்டு கூடவே போனாள்.

அப்போதுதான் அவன் போன் அதிர்ந்தது. ராஜாங்கம் ஒரு வீடியோ அனுப்பியிருந்தார். பாட்டு சேர்த்து, பேர் எல்லாம் போட்டு வெட்டி ஒட்டியிருந்தார். கோவக்காரன் கிச்சன். முறைக்கிற முகம், பாட்டில், ஊற்றுகிற கை. கைக்குக் கீழே தேக்சாவின் விளிம்பு. வெட்டிய எழுத்துகள் ஒவ்வொன்றும் படிக்கிற மாதிரி தெளிவாக விழுந்திருந்தன. நாளை மதியம் போடுகிறேன் என்று கீழே எழுதியிருந்தார். நாளை மதியம் மஹல்லா முழுக்கப் பந்தியில் உட்கார்ந்திருக்கும்.

நவுஷாத் கூப்பிட்டான். "சார், அத போடாதீங்க. பாத்திரத்துல ஜமாஅத் பேரு கீது. போட்டா நான் வேலைக்கு வர மாட்டேன்."

"நீ வந்தாலும் போடுவேன், வராட்டியும் போடுவேன் தம்பி" என்றார் ராஜாங்கம். அவர் குரலில் கோபமே இல்லை. "வந்தா சம்பளம். வராட்டி அதுவும் இல்ல. நீயே முடிவு பண்ணு."

வைத்துவிட்டார்.

நவுஷாத்தின் கை தானாக மேலே போனது. எதிரில் கிடங்குச் சுவர். போன் விரல்களுக்குள் இருந்தது. ஒரு வருடமாக விழுங்கியதெல்லாம் தோளுக்கு வந்துவிட்டது.

பக்கத்தில் ருக்சார் ஓரடி பின்னால் நகர்ந்தாள். தலையை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

காலையில் சின்னக்கண்ணு திருப்பிக்கொண்ட அதே மாதிரி.

ஓங்கிய கையை நவுஷாத் அப்படியே கொஞ்ச நேரம் வைத்திருந்தான். பிறகு இறக்கினான். போனைத் தரையில் கவிழ்த்து வைத்துவிட்டு, உட்கார்ந்து, அவள் கையிலிருந்த கத்திக்காகக் கையை நீட்டினான். அவள் உடனே கொடுக்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தாள்.

அவனுக்குக் கண் எரிந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. வெங்காய மூட்டையின் வாயை இன்னும் அவிழ்க்கக்கூட இல்லை.